வான்கோழிக் கிண்ணமும் மிதிப் பட்டறையும்

வான்கோழிக்கு நான் கடமைப்பட்டவன். இதைச் சொன்னால் என் சொந்தக்காரர் இன்றைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கோபம் வந்தால் செட்டையை விரித்து, கழுத்துச் சதை சிவக்க ஊதிப் பெருக்குகிற அந்தப் பறவையைப் போலத்தான் நானும் அந்த நாளில் இருந்தேன். மூக்கு நுனியில் கோபம். அது கொஞ்சமாவது இறங்கியது ஒரு வான்கோழிக் கிண்ணத்தாலும் ஒரு கடைசல் பட்டறையாலும்தான்.

அப்போது இரண்டாவது உலக யுத்தம் தொடங்கவில்லை. சுன்னாகம் ரயில் ஸ்ரேசனிலிருந்து இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், தூரத்தில் எங்கள் வீடு. எனக்குக் கடைசல் வேலை. கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து, பம்பரம் என்று உருட்டாக என்ன வேண்டுமோ அதைக் கடைந்து கொடுப்பேன். கலியாணம் முடித்து ஆறு வருடம். பிள்ளை இல்லை. இல்லை என்று சொல்வதும் சரியில்லை. இரண்டு தரம் வயிற்றில் வந்து, நாலாம் ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயின. முதல் தரம் கண்ணூறு என்றேன். இரண்டாம் தரம் வீட்டு வாசல் பார்த்த திசை சரியில்லை என்று வாசலையே மாற்றினேன். கீரிமலையில் தீர்த்தமாடினோம். தொண்டைமானாற்றுச் சந்நிதியில் நேர்த்திக்கடன் வைத்தோம். மூன்றாம் தரம் அவளுக்கு மூன்று மாதமாக இருந்தபோதுதான் ஆசுப்பத்திரி டொக்டர் அம்மா எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். பிள்ளைக்காக வரவில்லை. வான்கோழிக்காக வந்தார்.

அடுத்த ஊர் மிஷன் ஆசுப்பத்திரியில் அவர் பெரிய டொக்டர்; அமெரிக்காக்காரி. கிறிஸ்மஸ் விருந்துக்கு, நத்தாருக்கென்று, ஆசுப்பத்திரி வளவில் வான்கோழி வளர்த்தார். அவை வளவில் நின்றால்தானே! பொழுதுபட முன் பக்கத்துப் பனங்காணிக்குள் போய்விடும். அங்கே நரி. மிச்சம் பிழைத்தவை புகையிலைத் தோட்டத்துக்குள் இறங்க, தோட்டக்காரர் ஆசுப்பத்திரி வாசலில் வந்து நின்று கத்துவார். இதுகளைக் கூப்பிட டொக்டர் அம்மா ஊரிலிருந்து ஒரு சாமான் கொண்டுவந்திருந்தார். கைக்குள் அடங்குகிற வட்ட மரக்கிண்ணம். அதன் வாயை மூடி ஒரு சிலேற்றுக் கல். அடியில் நாலைந்து துளை. கூடவே விரல் நீளத்தில் ஒரு குச்சி. அவர்களுடைய காட்டில் வான்கோழிகளை ஏமாற்றிக் கிட்டக் கூப்பிட்டுச் சுடுவதற்கு இதை வைத்திருப்பார்களாம். இவர் வீட்டு வான்கோழிகளைக் கூட்டி அடைக்க வைத்திருந்தார். எங்கள் உவர்க்காற்றில் கிண்ணம் பிளந்துபோயிற்று.

“இதைப் போன்ற ஒன்றை நீர் செய்து தர இயலுமா?” என்று கேட்டார். அவர் தமிழைப் புத்தகத்தில் படித்தவர். அச்சடித்த மாதிரித்தான் கதைப்பார்.

“உது என்ன சாமான் டொக்டர் அம்மா?”

அவர் அப்படியே நிலத்தில் குந்தி, குச்சியைக் கல்லின்மேல் சாய்த்து உரசினார். கெளக், கெளக், கெளக் என்று வான்கோழிப் பேடு ஒன்று கூப்பிடுவது போலவே சத்தம் வந்தது. குசினிக்குள்ளிருந்து என் மனைவி, ஆருடைய கோழி உள்ளே வந்துவிட்டது என்று விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். டொக்டர் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு பெண்களும் அன்றைக்கே சிநேகமாகிவிட்டார்கள்.

நான் பூவரசங் கட்டையில் கிண்ணம் கடைந்தேன். முதலாவது, சுவர் தடிப்பு; உரசினால் தொண்டை கட்டிய மாதிரி ஒரு சத்தம். இரண்டாவது மெல்லிசாகப் போய்ப் பிளந்தது. மூன்றாவது கூப்பிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உடைத்த சிலேற்றில் கல் வெட்டினேன். குச்சிக்கு வைரம் பாய்ந்த பனங்கட்டை. அதைப் போல ஒரு குச்சி அமெரிக்காவிலும் இல்லை என்று டொக்டர் அம்மா சொன்னார். முகத்துக்குச் சொன்னாரோ என்னவோ, எனக்குத் தலைகால் தெரியவில்லை. மற்ற மிஷன் வளவுகளில் வான்கோழி வைத்திருக்கிற தன் கூட்டாளிகளுக்கும் நத்தாருக்கு முன் ஆறு கிண்ணம் வேண்டும் என்றார்.

ஒருநாள் பின்னேரம், கடைவதைப் பார்க்க ஆசை என்று மறுபடி வந்தார். அங்கேதான் வந்தது வினை. வினை என்றா சொன்னேன்? இல்லை, அந்த வருகையைத்தான் நான் இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

எங்களுடைய கடைசல் பட்டறை, கட்டையைச் சுழற்றுகிற பொறி, நிலத்தோடு நிலமாக இருக்கும். கடைகிற கட்டையை இரண்டு குற்றிகளுக்கு நடுவே சுழலும்படி பூட்டி, சுழல்கிற தண்டில் ஒரு தோல் வாரை இரண்டு சுற்றுச் சுற்றுவோம். ஒருவர் எதிரே இருந்து வாரின் இரண்டு தலைப்பையும் பிடித்து, இந்தக் கை ஒருதரம் அந்தக் கை ஒருதரம் என்று மாறி மாறி இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கக் கட்டை முன்னும் பின்னுமாகச் சுழலும். என் பக்கம் சுழலும்போது உளி வெட்டும். மறுபக்கம் சுழலும்போது உளியை ஒரு மயிரளவு பின்னே எடுக்க வேண்டும். வெட்டு, எடு, வெட்டு, எடு. கிண்ணம் என்றால் ஒரு முகம் திறந்திருக்க வேண்டுமே. அதற்குக் கட்டையைத் தண்டின் நுனியில் அரக்கால் ஒட்டிக் குடைவேன். எங்கள் ஆட்களில் வார் இழுக்கிறது பெண்சாதிதான். கலியாணம் பேசப் போனாலே “பெட்டை வார் இழுப்பாளோ?” என்று கேட்டுவிட்டுத்தான் வெற்றிலையை எடுப்பார்கள்.

டொக்டர் அம்மா கால்மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கிண்ணத்தைப் பார்க்கவில்லை. காலை உதைத்து, இடுப்பை முறித்து, மூச்சு வாங்க இழுத்துக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்தார்.

“இவளுக்கு எத்தனை மாதம்?” என்றார். நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. டொக்டர் கண், கண்டுபிடித்துவிட்டது.

நான் சொன்னேன். முந்தி இரண்டு போனதையும் சொன்னேன்.

“அப்பொழுதெல்லாம் இவள் என்ன வேலை செய்தாள்?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “மாடு மாதிரி வேலை வாங்கிறனெண்டு நினைக்கிறியளோ? அவ சமையல் சாப்பாடுதான். வெளியிலை தோட்ட வேலைக்குக்கூட நான் விடுறேல்லை.”

“இது என்ன?” என்று வாரைக் காட்டினார்.

“உது வார் இழுக்கிறது.”

“அது வேலை இல்லையா?”

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றுவரை அதை வேலை என்று நான் நினைத்ததில்லை. உளி பிடிக்கிறவன் செய்வது வேலை. வார் இழுப்பது வீட்டுக்காரி எதிரே இருப்பது. கண்ணூறு, வாசல், கிரகம் என்று உலகம் முழுவதும் தேடியவன், என் முழங்காலுக்கு எதிரே இருந்ததைத் தேடவில்லை. டொக்டர் அம்மா மெதுவாகச் சொன்னார்: “அவை இதனால்தான் போயின என்று என்னால் உறுதியாகக் கூற இயலாது. ஆனால் இந்தக் குழந்தை வேண்டுமானால், இவள் இனி இதைத் தொடக்கூடாது.”

சரி என்றேன். அவள் வாரைத் தொடவில்லை. ஆனால் கிண்ணம்? கூலிக்கு இரண்டு பேரை வைத்துப் பார்த்தேன். ஒருவன் இழுத்தால் கட்டை பறக்கும். மற்றவன் இழுத்தால் நித்திரை கொள்ளும். இரண்டு பேரையும் ஏசிக் கலைத்தேன். நானே வாருக்குப் பதில் ஒரு வில்லின் நாணைத் தண்டில் சுற்றி, ஒரு கையால் இழுத்து, மற்றக் கையால் உளி பிடித்தேன். கிண்ணம் முட்டை வடிவில் வந்தது. நத்தார் கிட்டிக்கொண்டு வந்தது. என் எரிச்சலைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் மத்தியானம் சாப்பிட்ட பிறகு அவள் தானாக வந்து எதிரே குந்தினாள்.

“இஞ்சேருங்கோ, ஒரே ஒரு கிண்ணம். மெள்ள இழுக்கிறன். ஆருக்குத் தெரியப்போகுது?”

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கட்டையைப் பூட்டினேன். எவ்வளவு அருமையாகச் சுழன்றது! ஆறு வருடமாக என் கைக்குப் பழகிய இழுவை அல்லவா? சந்தோஷத்தில் நான் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. கிண்ணம் முடிய முன் வார் தளர்ந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்திருந்தாள்.

மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அவளைக் கிடத்தி ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனேன். அடுத்த ஊருக்கு அந்தத் தூரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியாது. டொக்டர் அம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கட்டிலின் கால்மாட்டுக்கு இரண்டு செங்கல் வைத்து உயர்த்தி, அசையக்கூடாது என்று நாலு நாள் கிடத்தி வைத்தார். ஐந்தாம் நாள் வெளியே வந்து, “பிள்ளை இருக்கிறது. பிழைத்தீர்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம். அன்றைக்கே ரயில் ஏறிப் பட்டணத்துக்குப் போனேன். இழுக்க ஆள் வேண்டாத பட்டறை ஒன்று இல்லாமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவு.

யாழ்ப்பாணப் பட்டணத்தில் பழைய இரும்புச் சாமான் விற்கிற ஒரு முஸ்லிம் கடைக்காரர் இருந்தார். என் உளிகள் எல்லாம் அவரிடம் வாங்கியவை. அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரை நானா என்பேன். அவரிடம் காலால் மிதித்து ஓட்டுகிற பட்டறைகள் இரண்டு நின்றன. ஒன்று முழு இரும்பு, சீமையில் வார்த்தது, சில்லு என்கிற சக்கரம் மட்டும் என் நெஞ்சு உயரம். ஏதோ வேலைத்தலத்தில் கழித்து விட்டதாம். மற்றது சின்னது. தேக்கு மரச் சட்டம், தலை மட்டும் இரும்பு, மிதிப்பலகையின் ஒரு மூலை தேய்ந்து போயிருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பெரியதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இதைக் கொண்டுபோய் வைத்தால் ஊரே வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் என்ற எண்ணம்தான். மனைவி ஆசுப்பத்திரியில் கிடக்கிறாள். எனக்கு அந்த நேரத்திலும் பெருமை!

“தம்பி, உதிலை என்னத்தைக் கடையப் போறீர்?” என்றார் நானா.

மடியில் கொண்டுவந்திருந்த மாதிரிக் கிண்ணத்தை எடுத்துக் காட்டினேன். அவர் குச்சியை உரசிப் பார்த்தார். கடைக்கு முன்னால் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

“உந்தக் கிண்ணத்துக்கு இந்த ஆனையோ? குருவி தலையிலை பனங்காய் வைக்கிற கதை. ஏறி நிண்டு மிதியும் பாப்பம்.”

மிதித்தேன். சில்லு அசையவே எனக்கு மூச்சு முட்டியது. அசைந்த பிறகு நிற்கமாட்டேன் என்றது. கடைந்து பார்க்கவென்று தண்டில் அரக்கால் ஒட்டியிருந்த கட்டைத் துண்டு தெறித்துக் கடைக்குள்ளே போய் ஒரு விளக்குச் சிம்னியை உடைத்தது. நானா சிம்னியைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தார்.

“உது கப்பல் சாமான் கடையிற ஆக்களுக்கு. அரக்கிலை ஒட்டிக் குடையிற வேலைக்கு உந்த வேகம் ஆகாது. நீர் நிலத்திலை இருந்து பழகினனீர், ஒற்றைக் காலிலை நிண்டு பழக்கமில்லை. உதை வாங்கினீரெண்டால் ஒரு மாசத்திலை கால் வீங்கி, திரும்பவும் மனுசியை இழுக்கக் கூப்பிடுவீர்.”

மனைவியைப் பற்றி நான் அவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடைசல்காரன் திடீரென்று மிதிப் பட்டறை தேடி வந்தால் வீட்டில் இழுக்க ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியாதா? எனக்குக் கண் கலங்கியது. ஆசுப்பத்திரி, நாலு நாள், செங்கல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே சின்னப் பட்டறையின் தூசியைத் தன் சாரத் தலைப்பால் துடைத்தார்.

அதில் நின்று மிதித்தேன். சில்லு சிணுங்காமல் வந்தது. காலை எடுத்தால் இரண்டு சுற்றில் நின்றது. தண்டு என் கைக்குச் சரியான உயரம். தேய்ந்துபோன மூலையில் என் குதிக்கால் போய் இருந்தது. பெரியதை விற்றால் அவருக்கு நல்ல ஆதாயம். அது இரண்டு வருடமாக இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. விற்காமல் விட்டார். “பத்து நாள் வைச்சுப் பாரும். கைக்கு வரேல்லையெண்டால் கொண்டந்து விடும்” என்று சின்னதை வண்டியில் ஏற்ற அவரே ஒரு பக்கம் பிடித்தார். சிம்னிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பட்டறை வந்தது. மனைவியும் வீட்டுக்கு வந்தாள். ஆனால் முதல் கிண்ணம் அலை அலையாக வந்தது. சுவரில் மேடு, பள்ளம், மேடு, பள்ளம். சிலேற்றுக் கல்லை வைத்தால் ஆடியது. இரண்டாவதும் அப்படி. மூன்றாவதும் அப்படி. தண்டு கோணல் என்றேன். சட்டம் ஆடுகிறது என்றேன். நானா என்னை ஏமாற்றிவிட்டார் என்றுகூடச் சொன்னேன்; அந்த நல்ல மனுசனைச் சொன்ன வாய்க்கு நான் பிறகு வெட்கப்பட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஏழாவது கட்டையும் பிழையாய்ப் போனபோது உளியைச் சுவரோடு எறிந்தேன்.

மனைவி எதிரே பாயில் இருந்து இடியப்பத் தட்டுப் பின்னிக்கொண்டிருந்தாள். எழும்பக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்பது டொக்டர் அம்மாவின் கட்டளை. அவள் உளி விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பட்டறையிலை பிழையில்லை. நீங்கள்தான் கையை எடுக்கிறியள்.”

“நான் எங்கை எடுத்தனான்?”

“ஒவ்வொரு சுத்துக்கும் எடுக்கிறியள். நான் மற்றக் கையாலை திருப்பி இழுப்பனெண்டு பாத்துக்கொண்டு நிக்கிறியள்.”

உண்மை. இந்தப் பட்டறை ஒரே பக்கமாகச் சுழல்கிறது. திரும்பிச் சுழல்வதே இல்லை. உளியை எடுக்கவே தேவையில்லை. ஆனால் என் கை வெட்டு, எடு, வெட்டு, எடு என்று அவளுடைய இழுவைக்கே போய்க்கொண்டிருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். ஆறு வருடப் பழக்கம் எனக்கே தெரியாமல் என் கையில் இருந்தது. பட்டறையை மாற்றியவன் கையை மாற்றவில்லை.

அதன் பிறகு அவள் தட்டுப் பின்னியபடியே எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். “எடுக்காதேங்கோ. வையுங்கோ. வையுங்கோ. உதோ, எடுத்திட்டியள்.” வேறு ஆரும் இப்படிச் சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். அவளோடு என்னால் கோபிக்க முடியவில்லை. என் உளி எப்போது வெட்டும், எப்போது எழும்பும் என்பது என்னைவிட அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. ஒன்பதாம் நாள் ஒரு கிண்ணம் அலையில்லாமல் வந்தது. சுவர், காய்ந்த நெற்றுத் தேங்காயின் சிரட்டை போல ஒரே தடிப்பு. நானாவிடம் பட்டறையைத் திருப்பிக் கொண்டுபோகும் வேலை இல்லாமல் போயிற்று.

ஆறு கிண்ணத்தையும் கொண்டுபோய் ஆசுப்பத்திரி வளவில் வைத்து உரசினோம். பனங்காணிக்குள்ளிருந்து சேவல்கள் செட்டை விரித்து, கர்வத்தோடு வரிசையாக வந்தன. வந்து பேடைக் காணாமல் என்னைச் சுற்றி நின்று ஊதின. நோயாளிகள் விறாந்தைக்கு எழும்பி வந்து சிரித்தார்கள். தோட்டக்காரரும் வேலிக்கு அப்பால் நின்று சிரித்தார். டொக்டர் அம்மா அதன்பின் மாதத்துக்கு ஒருதரம் “கிண்ணம் பார்க்க” எங்கள் வீட்டுக்கு வருவார். கிண்ணத்தைத் தொடமாட்டார். நேரே மனைவியிடம் போய், வயிற்றில் குழலை வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்பார்.

சித்திரை கழிந்து ஒரு காலையில் ஆசுப்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. முழு மாதம், முழு நிறை, முழுத் தொண்டை. என் கால் தரையில் படவில்லை. டொக்டர் அம்மாவைக் கும்பிடப் போனேன்; அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். நானாவுக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு பனையோலைக் கடகம் நிறையக் கொண்டுபோனேன். அவர் பிள்ளைக்கென்று கற்கண்டு கட்டித் தந்தார். சந்நிதிக்கு நடந்தே போய், பிள்ளை பிறந்த துடக்கென்று வெளி வீதியில் நின்றே கும்பிட்டு நேர்த்தியைத் தீர்த்தேன். வான்கோழிகளுக்குக்கூட ஒரு கொத்துக் குரக்கன் தானியம் கொண்டுபோய்ப் போட்டேன். அந்த நாட்களில் எனக்குள் இருந்த நன்றி, பானை கொள்ளாமல் பொங்கிய பால் மாதிரி வழிந்துகொண்டிருந்தது.

எல்லாம் முடிந்து ஆசுப்பத்திரிக்கு வந்தபோது மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள். குழந்தையின் கன்னத்தை உள்ளங்கையால் மெல்ல மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். எங்கெங்கே போனேன், ஆர் ஆருக்கு நன்றி சொன்னேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள்.

“இஞ்சை பாருங்கோ,” என்று கையை விரித்துக் காட்டினாள். “வார் இழுத்து இழுத்து வந்த காய்ப்பெல்லாம் உரிஞ்சு போச்சு. இப்ப தடவினாலும் பிள்ளைக்குக் கீறாது.”

நான் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். பூப்போல இருந்தது. ஆறு வருடம் அது என் முகத்துக்கு எதிரே வந்து வந்து போன கை. ஒருநாளாவது திருப்பிப் பார்த்திருந்தேனா?

“முந்தி எப்பிடி இருந்தது?” என்று கேட்டேன்.

அவள் என் கையை எடுத்து, திருப்பி, உளி பிடித்துத் தடித்த இடத்தில் தன் விரலை வைத்தாள்.

“உப்பிடித்தான்,” என்றாள்.